பெயர் மாற்றப்பட்டுள்ளது

அக்டோபர் 10, வெள்ளி

காலையில் இட்லி மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது. அதைத் துடைத்து, குளித்து, புதுச் சேலைக்குப் பின் குத்திக் கிளம்புவதற்குள் பாதி உயிர் போய்விட்டது. ஆனாலும் இன்றைய நாள் வீண் போகவில்லை.

இன்று உலக மனநல நாள். பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில் பெற்றோரையும் கூட்டியிருந்தார்கள். எங்கள் தொண்டு நிறுவனத்தின் சார்பில் பேச வேண்டியவள் நான். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், மனசு சரியில்லாத பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதுதானே என் வேலை! அடையாள அட்டையில் சமூகப் பணியாளர். பிள்ளைகளுக்கு ரூபி அக்கா.

புள்ளிவிவரம் சொன்னால் யார் கேட்பார்கள்? கதை சொன்னேன். மலர் என்று ஒரு பெண். பஸ்ஸில் ஏறினால் அவளுக்கு மூச்சு முட்டும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஊருக்கு முந்திய ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெயிலில் சுடுகிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நடப்பாள். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்னாள்: "தரை சுட்டாத்தான்க்கா, நா இங்கதான் இருக்கேன்னு தெரியுது."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினேன். ஹாலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மலர் கவுன்சிலிங்கில் குணமானதையும், இப்போது கடைசி ஸ்டாப் வரை பஸ்ஸிலேயே போவதையும் சொல்லி முடித்தேன். அப்படி ஒரு கைதட்டல்!

பெயரை மாற்றினேன். ஊரை மாற்றினேன். ப்ளஸ் டூவைக் காலேஜ் என்று மாற்றினேன். நிஜத்தில் அவள் சங்கரேஸ்வரி, இதே பள்ளிக்கூடம். அது எனக்கு மட்டும்தான் தெரியும். ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இன்று ஸ்பெஷல் கிளாஸ், கூட்டத்துக்கு வர மாட்டார்கள் என்று முன்னாலேயே கேட்டுவைத்திருந்தேன்.

எங்கள் திட்ட ஒருங்கிணைப்பாளர் வில்சன் சார் வாசலிலேயே கையைக் குலுக்கினார். "கலக்கிட்டீங்க ரூபி! அடுத்த மாசம் மாவட்ட விழாவுலயும் இதையே பேசிருங்க."

சாயங்காலம் எனக்கு நானே ஒரு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

பஸ் ஸ்டாண்டில் ஒருவர் ஓடி வந்து கும்பிட்டார். நல்லமுத்தன்பட்டி பஸ்ஸின் கண்டக்டர் அய்யலுச்சாமி. அவர் மகள் அதே பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பாம். வெள்ளிக்கிழமை என் பேச்சைக் கேட்டுக் கண்ணில் தண்ணி வந்துவிட்டதாம்.

"மேடம், நீங்க சொன்ன பிள்ளையக் கண்டுபிடிச்சிட்டேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நம்ம பஸ்ஸுல வார பிள்ளதான் மேடம். தெனமும் கோழிப்பண்ணை ஸ்டாப்புல எறங்கி, செருப்பக் கையில தூக்கிட்டு நடக்கும். நா வேற மாதிரி நெனச்சிட்டேன், எவனையோ பாக்கப் போகுதுன்னு. பாவம், மனசு சரியில்லாத பிள்ளைன்னு நீங்க சொன்ன பெறகுதான் தெரிஞ்சது. அன்னைக்குச் சாயங்காலமே முன் சீட்டுல ஒக்கார வச்சிட்டேன். 'எல்லாரும் தள்ளி நில்லுங்க, பிள்ளைக்கு மூச்சு முட்டும், மனசு சரியில்லாத பிள்ள'ன்னு சத்தமாச் சொல்லிட்டேன். ஒரு பய பக்கத்துல போகலையே!"

முகமெல்லாம் சிரிப்பு அந்த மனிதருக்கு. நல்லது செய்துவிட்டோம் என்கிற சிரிப்பு.

"ரொம்ப நன்றிண்ணே" என்றேன். வேறென்ன சொல்ல?

அக்டோபர் 14, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை சங்கரேஸ்வரியின் முறை. விளையாட்டுச் சாமான் அறைதான் எங்களுக்குக் கொடுத்த இடம். காற்றுப்போன பந்துகள், குண்டு எறிதலுக்கான இரும்புக் குண்டுகள், நடுவே இரண்டு நாற்காலி. மணி அடித்தும் அவள் வரவில்லை.

பெயர் சொல்லவில்லையே நான். அந்தக் கண்டக்டர் வாயை அடக்கியிருந்தால் போதும். செருப்பைக் கையில் பிடித்து நடக்கிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

அவள் முதன்முதலாக வந்த நாளில் இதே அறையில் அவளிடம் என்ன சொன்னேன்? "இங்க பேசுறது இந்த ரூமத் தாண்டாதுடா." எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வதுதான். அவள் மட்டும்தான் எழுந்து போய்க் கதவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

வீட்டில் கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. ராத்திரிக்கு ரொட்டி.

அக்டோபர் 16, வியாழன்

திங்கட்கிழமையிலிருந்து அவள் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லையாம்.

வகுப்பு டீச்சர் இன்னொன்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் குறைவு என்று, நாற்காலி நிரப்ப ப்ளஸ் டூ பிள்ளைகளையும் கடைசி நேரத்தில் ஹாலுக்கு அனுப்பிவிட்டார்களாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? ஒரு திட்டமிடல் கிடையாது, ஒரு ஒழுங்கு கிடையாது. கோபம் கோபமாக வந்தது.

அக்டோபர் 18, சனி

சங்கரேஸ்வரியின் அம்மா பாக்கியத்தாய் தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்கிற தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அப்பா திருப்பூரில் லோடு ஏற்றுகிறவர், பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும்தான் வருவார். வீட்டுக்குப் போனால் தெருவே வேடிக்கை பார்க்கும் என்று சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் வாசலுக்குப் போனேன். திடீரென்று அக்கம்பக்கத்தைப் பற்றியெல்லாம் கவலை வந்துவிட்டது பாருங்கள் எனக்கு.

வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்தபடி இருந்தார். நான் யாரென்று சொன்னதும் மூடிவிட்டார்.

"நீங்கதானா அது? பெட்டி அடுக்கிட்டு இருக்கேன், பக்கத்துல இருக்கவ கேக்கா, 'ஒம் மகளுக்குக் கிறுக்காமே, பஸ்ஸுல கண்டக்டரே சொன்னாராமே'ன்னு. எனக்கு ஒண்ணுமே வெளங்கல. தெனமும் லேட்டா வருவா. கேட்டா ஸ்பெஷல் கிளாஸும்பா. நா நம்பிட்டுத்தான இருந்தேன்."

"அவ யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாம்மா. அதான் உங்ககிட்ட…"

"சரி. அதுக்கு மைக்குல சொல்லுவீகளாக்கும்?"

தூக்குச்சட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"பெத்தவ நானு. எம் பிள்ளைக்கு மூச்சு முட்டுதுங்கிறத ஊரே தெரிஞ்ச பெறகு தெரிஞ்சுக்கிறேன். எங்கிட்ட வந்து சொல்லிருந்தா நா என்ன அவளத் தின்னுறவா போறேன்?" கண்ணைத் துடைத்தார். "இப்பப் பள்ளிக்கூடமே போ மாட்டேங்கா. பேச மாட்டேங்கா. சோறும் எறங்கல. பரீச்ச எழுதி நர்ஸுக்குப் படிப்பேன்னு சொன்ன பிள்ள. எம் மகள எனக்குத் திருப்பிக் கொடுங்க டீச்சர்."

பெட்டி லாரி வந்து நின்றது. எல்லாப் பெண்களும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண்ணைத் திறந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

நேரே எங்கள் அலுவலகத்தில் மூத்தவரான தங்கபுஷ்பம் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதேன். என் வேலையே போனாலும் பரவாயில்லை, நான் இந்த வேலைக்கே லாயக்கில்லை என்று புலம்பினேன். அவர் ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போல.

"ஒன் அழுகைய அப்புறம் வச்சுக்கிடலாம்" என்றார். "சாப்பிடல, பேசலங்கிற. சாகணும்னு தோணுதான்னு அந்தப் பிள்ளகிட்ட யாராவது வாயத் திறந்து கேட்டீகளா?"

யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து நான் என்னைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் நினைத்திருந்தால், செவ்வாய்க்கிழமையே அவள் வீட்டுக்கு ஓடியிருக்க மாட்டேனா?

அக்டோபர் 19, ஞாயிறு

சங்கரேஸ்வரி வீட்டுக்கு இரண்டு பேரும் பஸ்ஸிலேயே போனோம். அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போடச் சொன்னார் புஷ்பம் அக்கா. நிறுவனத்தின் பெயர் எழுதிய பையையும் மாற்றச் சொன்னார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "யாரும் கேட்டா, அவுக அம்மா கூட வேல பாக்குறவகன்னு நெனச்சுக்கிடட்டும்." இத்தனை வருஷமாகப் பிள்ளைகள் வீட்டுக்கெல்லாம் நிறுவனத்து ஜீப்பில் போய் இறங்கிக்கொண்டிருந்தேன் நான்.

பாக்கியத்தாய் கதவைத் திறந்தார். வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை.

சங்கரேஸ்வரி சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். "என்ன மன்னிச்சிருடா" என்று ஆரம்பித்தேன். அவள் நிமிரவில்லை.

"அந்த மலர் நல்லாயிட்டான்னு சொன்னீகள்ல" என்றாள். "நா எப்பக்கா நல்லானேன்?"

முழங்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"நா இன்னும் நடக்கத்தான செய்றேன். நல்லாயிட்டான்னு நீங்க சொன்னதும், அப்ப எங்கிட்டத்தான் ஏதோ கோளாறு, எனக்கு மட்டும் சரியாகலன்னு நெனச்சேன்."

அப்புறம் தலையைத் தூக்கி நேரே என் கண்ணைப் பார்த்தாள். "நீங்க என்னப் பாத்தீகள்ல, மேடைல இருந்து?"

"இல்லடா, கவனிக்கல" என்றேன்.

புஷ்பம் அக்கா என்னைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் போய், அவளைப் போலவே சுவரில் சாய்ந்துகொண்டார். சுற்றி வளைக்காமல் கேட்டார். "சாகணும்னு தோணுதா தங்கம்?"

அடுப்படியில் பாக்கியத்தாய் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

"சாகணும்னு இல்ல" என்றாள், நிதானமாக. "காணாமப் போயிரணும்னு இருக்கு. யாருக்கும் என்னத் தெரியாத எடத்துக்கு."

"சரி. சாகணும்னு தோணுனா யார்ட்டச் சொல்லுவ?"

அவள் அடுப்படிப் பக்கம் பார்த்தாள். பாக்கியத்தாய் வந்து அவள் காலடியில் உட்கார்ந்து, அழாமல், பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தார். உள்ளங்காலெல்லாம் கொப்புளம் காய்ந்து தோல் உரிந்திருந்தது. "இதக்கூடப் பாக்காம இருந்திருக்கேனே" என்றார்.

தீபாவளி கழிந்ததும் அரசு மருத்துவமனை மனநல டாக்டரிடம் அம்மா, மகள், புஷ்பம் அக்கா மூன்று பேருமாகப் போவதென்று முடிவாயிற்று. ஒரு ராத்திரிகூட அவளைத் தனியாக விடக் கூடாது என்று புஷ்பம் அக்கா அம்மாவிடம் சொல்லி, தன் நம்பரையும் கொடுத்தார். என் நம்பரை யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 20, தீபாவளி

தெருவெல்லாம் வெடிச் சத்தம். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். அதிரசம் வாயில் வைக்க முடியவில்லை.

எழுதியே தொலைக்கிறேன்.

நான் அவளைப் பார்த்தேன். மேடை ஏறி மைக்கைப் பிடித்ததுமே பார்த்தேன். தூணோரம், ஓரத்து நாற்காலி, இரட்டைச் சடை. வாசல் பக்கம்தான் உட்காருவாள், எழுந்து வெளியே போக வசதியாக. அந்த யோசனை சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

மலருக்கு மூச்சு முட்டும் என்பதைச் சொல்லி முடித்திருந்தேன். அடுத்து செருப்பு வர வேண்டும். அந்த ஒரு நொடியில் மாற்றியிருக்கலாம். குடை என்று சொல்லியிருக்கலாம், பஸ் ஜன்னல் என்று சொல்லியிருக்கலாம். முதல்நாள் கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தபோதே குடையை வைத்துச் சொல்லிப் பார்த்தேனே! எடுபடவில்லை. செருப்பு என்று சொன்னபோதுதான் எனக்கே அழுகை வந்தது. அதனால் செருப்பையே வைத்துக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்த்தபடியே சொன்னேன்.

பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன் என்று பத்தாம் தேதி இங்கே எழுதியிருக்கிறேன். எவ்வளவு சாமர்த்தியம்! அவளுடைய வலியை எடுத்து எனக்குக் கைதட்டல் வாங்கிக்கொண்டேன். நேற்று அவள் கேட்டபோதும் பொய். சீ.

நவம்பர் 3, திங்கள்

மழை பிடித்துக்கொண்டது. கொடியில் போட்ட துணி காயவே இல்லை.

டாக்டர் மாத்திரை எழுதியிருக்கிறார். இது பயத்தால் வருகிற நோய், கிறுக்கு இல்லை, சரியாகும், ஆனால் கொஞ்ச காலம் பிடிக்கும் என்று அம்மாவுக்கும் மகளுக்கும் ஒன்றாகவே விளக்கினாராம். இன்று சங்கரேஸ்வரி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். புஷ்பம் அக்கா தலைமையாசிரியையிடம் பேசியிருக்கிறார்: வகுப்பில் கதவோரம் இடம், மூச்சு முட்டினால் கேட்காமலே வெளியே போய் வரலாம், பரீட்சை ஹாலிலும் வாசலோர இடத்துக்கு இப்போதே அனுமதி. யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. அய்யலுச்சாமியிடம் நான் பேசினேன். அவருக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் அவரே அழுதுவிட்டார். "நல்லதுன்னு நெனச்சுல்ல மேடம் செஞ்சேன்." தப்பு உங்களது இல்லை, என்னுடையது என்று சொன்னேன். இன்னும் பத்துப் பேரிடமாவது சொல்ல வேண்டியது அது.

விளையாட்டுச் சாமான் அறைக்கு அவளைக் கூப்பிடவில்லை. கைப்பந்து மைதானத்து ஓரம், எல்லாரும் பார்க்கிற இடத்தில், யாருக்கும் கேட்காத தூரத்தில் நின்றோம்.

"அன்னைக்கு உங்கிட்டப் பொய் சொன்னேன்" என்றேன். "நா உன்னப் பாத்தேன். பாத்துட்டுத்தான் சொன்னேன்."

"தெரியும்க்கா" என்றாள். "நானும் உங்களத்தான பாத்துட்டு இருந்தேன். இப்ப நிப்பாட்டிருவாக, இப்ப நிப்பாட்டிருவாகன்னு."

மழைத் தண்ணீர் தேங்கிய குழியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"கடைசில எல்லாரும் கை தட்டுனாக. நானும் தட்டுனேன். தட்டலேன்னா நாந்தான்னு தெரிஞ்சிரும்ல."

அந்த ஹாலில் எனக்குக் கேட்ட கைதட்டலில் அவளுடையதும் இருந்திருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் ரசித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினேன்.

"நா புஷ்பம் அக்காட்டயே பேசிக்கிடுறேன்" என்றாள். "நீங்க கோவிச்சுக்கிடாதீக."

கோபித்துக்கொள்ள நான் யார்? சரி என்றேன். மணி அடித்தது, போய்விட்டாள்.

நவம்பர் 14, வெள்ளி

மாவட்ட விழா. நான் பேச மாட்டேன் என்று போன வாரமே சொல்லிவிட்டேன். காரணத்தையும் சொன்னேன். வில்சன் சார் நெற்றியைச் சுருக்கினார். "அதான் பேர மாத்தியாச்சே ரூபி. நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க." கதையைச் சொன்னாலும் செருப்பை விட்டுவிடுங்கள், அந்தப் பிள்ளையின் அனுமதி இல்லை என்று கெஞ்சிக் கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

இன்று மேடையில் அவரே மலர் கதையைச் சொன்னார். என் வார்த்தைகள், அப்படியே. நான் நிறுத்திய இடத்திலேயே அவரும் நிறுத்தினார். செருப்பு வந்தது. சுடுகிற தார் ரோடு வந்தது. மலர் நல்லாகிவிட்டாள். ஹாலே தட்டியது.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு அம்மா திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையையே என்னால் தாங்க முடியவில்லை. பதினேழு வயதில் அவள் எப்படித் தாங்குவாள்?

கீழே இறங்கியதும், எல்லார் முன்னிலையிலும் வில்சன் சாரிடம் சொன்னேன்: "அது பொய் சார். அவ இன்னும் நல்லாகல. அந்த முடிவ வச்சது நான்." அவர் முகம் சுண்டிவிட்டது. அலுவலகத்தில் இனி எனக்கு நல்ல பெயர் கிடையாது. பரவாயில்லை.

மார்ச் 2, திங்கள்

இன்று ப்ளஸ் டூவுக்கு முதல் பரீட்சை, தமிழ். காலையிலிருந்து கை எந்த வேலையிலும் நிற்கவில்லை. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். புஷ்பம் அக்காவிடம் கேட்கலாம்தான். கேட்கவில்லை. அவள் விஷயம் இப்போது என்னுடையது இல்லை.

மத்தியானம், அவள் ஊரான நல்லமுத்தன்பட்டிக்கு அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. பஸ்ஸில் ஏறின பிறகுதான் பார்த்தேன், முன் சீட்டில் ஜன்னலோரம் சங்கரேஸ்வரி, பக்கத்தில் பாக்கியத்தாய். மடியில் பரீட்சை அட்டை. எழுதிவிட்டுத்தான் வருகிறாள்! எனக்கு அங்கேயே அழுகை வந்தது. நான் பின்னாலேயே நின்றுகொண்டேன்.

பாதி தூரத்தில் அவள் தோள் ஏறி இறங்க ஆரம்பித்தது. பாக்கியத்தாய் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். கோழிப்பண்ணை ஸ்டாப். யாரும் கேட்காமலே அய்யலுச்சாமி விசில் கொடுத்தார். வாயைத் திறக்கவில்லை.

இரண்டு பேரும் இறங்கினார்கள். அவள் செருப்பைக் கழற்றினாள். பாக்கியத்தாய் அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு தன்னுடையதையும் கழற்றினார். நல்ல வெயில், தார் உருகிக் கிடந்தது. பஸ் அவர்களைத் தாண்டும்போது சங்கரேஸ்வரி நிமிர்ந்தாள், என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து வில்சன் சாரிடமிருந்து போன்.

"ரூபி, ஆண்டறிக்கைக்கு ஒரு நல்ல கதை வேணும். அந்த மலர் பொண்ணு பரீட்சை எழுதுச்சா? இப்ப எப்படி இருக்கு? ஏதாவது தெரியுமா?"

ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். நான்கு செருப்பும் அம்மாவின் கையில். மகள் கையை வீசி நடந்துகொண்டிருந்தாள்.

"தெரியல சார்" என்றேன்.

பக்கத்தில் நின்ற அய்யலுச்சாமி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லாமல் டிக்கெட் போட முன்பக்கம் போய்விட்டார்.